எஸ்டியா, எச்டியா? டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கல்யாணம், காவடி, தீமிதி என்று வீடியோ எடுப்பதும், வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதும் என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதியிருக்கிறேன். கேசட் விஷயத்தில் அவசரப்பட்டுப் பணத்தையும் படத்தையும் இழந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

எஸ்டி என்றால் எவ்வளவு, எச்டி என்றால் எவ்வளவு?

எஸ்டி என்றால் ஸ்டாண்டர்ட் டெஃபினிஷன், சாதாரணத் தெளிவு. எச்டி என்றால் ஹை டெஃபினிஷன், உயர் தெளிவு. தென்னாப்பிரிக்காவில் டிவி ஒளிபரப்பு முறைப்படி தொடங்கியது 1976 ஜனவரி 5. ஆரம்பத்திலிருந்தே இங்கே பிஏஎல் (PAL) என்ற டிவி சிக்னல் முறைதான். மொத்தம் 625 கோடுகள், அவற்றில் படமாகத் தெரிபவை 576. டிஜிட்டலுக்கு வந்தபோது குறுக்கே 720, நெடுக்கே 576 பிக்சல், அதாவது படப் புள்ளிகள், என்று ஆயிற்று. ஒரு படத்துக்கு 4 லட்சத்து 15 ஆயிரம் பிக்சல் வரும். இதுதான் நம் ஊர் எஸ்டி.

எச்டியில் இரண்டு படிகள் உண்டு. சின்னது 1280×720, சுமார் 9 லட்சம் பிக்சல். பெரியது 1920×1080, ஃபுல் எச்டி என்கிறோமே அது, 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல். எஸ்டியைப் போல் சரியாக 5 மடங்கு. 4கே என்று விற்கும் 3840×2160 எஸ்டியைப் போல் 20 மடங்கு.

அப்படியென்றால் எச்டி படம் எஸ்டியைவிட 5 மடங்கு நன்றாக இருக்குமா?

இருக்காது. எதைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைவாகத்தான் தெரியும். தூரக் காட்சியில்தான் எச்டியின் பலம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் எச்டியில் எடுக்கப்பட்டன, நம் மோசஸ் மபீடா மைதானத்தில் நடந்த 7 ஆட்டங்களும் சேர்த்து. முழு மைதானத்தையும் காட்டும்போது எச்டியில் ஆட்டக்காரர் யார் என்று அடையாளம் தெரியும், எஸ்டியில் சட்டையின் நிறம்தான் தெரியும்.

பழைய கல்யாண வீடியோக்களைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள் மண்டபம் முழுவதையும் அதிக நேரம் காட்டவே மாட்டார்கள். மாப்பிள்ளை முகம், பெண்ணின் கை, தாலி, அம்மாவின் கண் என்று நெருங்கி நெருங்கித்தான் எடுப்பார்கள். தூரத்தில் வைத்தால் முகங்கள் கரைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த எஸ்டி வீடியோக்களை இன்றும் பார்க்க முடிகிறது. இப்போது 4கே கேமராவை ஒரு மூலையில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களிடமிருந்து வரும் வீடியோவைவிட அவை எனக்கு எவ்வளவோ மேல்.

பெட்டியில் எச்டி என்று போட்டிருக்கிறது, படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

பிட்ரேட் போதவில்லை. ஒரு நொடிப் படத்தைச் சொல்ல எத்தனை மெகாபிட் செலவழிக்கிறோம் என்பதுதான் பிட்ரேட். பிக்சல் எத்தனை இருந்தாலும், அவற்றை நிரப்பும் தகவல் வந்தால்தான் படம் துலங்கும். ஒரே 3 மெகாபிட்டை எஸ்டிக்கும் ஃபுல் எச்டிக்கும் கொடுத்தால், எச்டியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

காவடி வீடியோவில் இது அப்பட்டமாகத் தெரியும். வீடியோவைச் சுருக்கும் முறைகள் எல்லாம் முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் என்ன மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் எழுதிக்கொண்டு போகின்றன. உட்கார்ந்து பேசும் ஒருவரைக் காட்டினால் உதடும் கையும்தான் மாறும், கொஞ்சம் பிட் போதும். தைப்பூசத்தன்று ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் கிளம்பி வரும்போது மயிற்பீலி ஆடுகிறது, சாமந்திச் சரம் குலுங்குகிறது, கற்பூரப் புகை பரவுகிறது, பின்னால் கூட்டம் நகர்கிறது. திரையில் அசையாத இடமே இல்லை. மொத்தப் படத்தையும் ஒவ்வொரு நொடியும் புதிதாக எழுதவேண்டும். பிட்ரேட் குறைவாக இருந்தால் மயிற்பீலி பச்சைச் சேறாகிவிடும், புகை படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும்.

அதனால் வீடியோ எடுப்பவரிடம் "எச்டியா?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "எத்தனை மெகாபிட்டில் பதிவு செய்கிறீர்கள், எங்களுக்குக் கொடுக்கும் ஃபைல் எத்தனை மெகாபிட்?" என்று சேர்த்துக் கேளுங்கள். ஃபுல் எச்டியில் காவடி எடுக்க, கேமராவில் 25 மெகாபிட்டுக்குக் கீழே நான் போவதில்லை.

"அண்ணா, எங்கள் கல்யாணக் கேசட்டை எச்டி பண்ணித் தர முடியுமா?"

அதிகம் வரும் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன்: கேசட்டில் இல்லாததை யாராலும் கொண்டுவர முடியாது.

விஎச்எஸ், அதாவது அந்தக் காலத்துப் பெரிய வீடியோ கேசட், எஸ்டியையே முழுமையாகத் தாங்காது. குறுக்கே சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் அதில் நுணுக்கம் பதியும். நிறம் அதைவிட மிகவும் மங்கல். சிவப்புப் புடவையின் நிறம் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் வழிவது இதனால்தான். அதை 720×576-இல் எடுத்தாலே கேசட்டில் இருப்பது எல்லாம் வந்துவிடும். 1920×1080 ஆக்கினால் ஃபைல்தான் பெரிதாகும்.

சரி, அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? மாற்றும் விதத்தில். இங்கேதான் பணம் கொடுக்கவேண்டும்.

முதலாவது, கேசட்டை ஓட்டும் விசிஆர். டேப்பைப் படிக்கும் ஹெட் சுத்தமாக இருக்கவேண்டும், அது டேப்பின் தடத்தில் சரியாகப் போகும்படி டிராக்கிங் சரியாக இருக்கவேண்டும், மஞ்சள் நிற ஒற்றை ஒயருக்குப் பதில் எஸ்-வீடியோ வழியாக எடுத்தால் நிறமும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கலக்காமல் வரும். படத்தின் மேல் பகுதி வளைந்து ஆடுவதை நிறுத்த டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, இன்டர்லேஸ். பழைய டிவி நொடிக்கு 25 முழுப் படங்களைக் காட்டவில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப் படங்களைக் காட்டியது. கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்போது இவற்றை ஒழுங்காகப் பிரித்து நொடிக்கு 50 படங்களாக ஆக்கவேண்டும். பலர் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு 25 படமாகக் கொடுத்துவிடுகிறார்கள். 576 கோடு 288 ஆகிவிடும், தவில்காரரின் கை வெட்டி வெட்டி நகரும். வேறு சிலர் பிரிக்காமலே விட்டுவிடுவார்கள். அப்போது யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்பின் பற்கள்போல் கோடு கோடாகத் தெரியும். உங்களுக்கு வந்த ஃபைலில் மாலை மாற்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்தக் கோடுகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் பெரிதாக்குவதற்கு நியாயம் உண்டு. யூடியூபில் போடுவதாக இருந்தால், அங்கே நொடிக்கு 50 படம் ஓடுவது 720 கோடுகளிலும் அதற்கு மேலும்தான். அதனால் யூடியூபுக்கென்று தனியாக 1440×1080 அளவில் ஒரு பிரதி செய்துகொள்ளலாம். மூலப் பிரதி 720×576-ஆகவே இருக்கட்டும்.

ஏஐ போட்டுத் தெளிவாக்கித் தருகிறார்களே?

தாத்தா, ஆயா முகம் இருக்கும் வீடியோவுக்கு வேண்டாம் என்பேன். அந்த மென்பொருள், தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்துக் கண்ணையும் பல்லையும் வரைகிறது. கூட்டத்தில் சின்னதாகத் தெரியும் முகங்களில் இது மோசமாகப் போகும். மூக்குத்தி மச்சமாகும், விபூதிப் பட்டை சுருக்கமாகும். இறந்துபோன ஒருவருக்கு உங்களிடம் இருப்பது அந்த 10 நொடி வீடியோ மட்டும்தான் என்றால், மங்கலாக இருந்தாலும் அவருடைய முகம் அவருடையதாகவே இருக்கட்டும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைப்பதும் நிறம் சரிசெய்வதும் போதுமானவை.

எங்களிடம் கேசட் இல்லை, சின்ன ஃபிலிம் சுருள்தான் இருக்கிறது. அது இன்னும் மோசமா?

அதுதான் பொக்கிஷம்! 8 மில்லிமீட்டர், 1965-இல் வந்த சூப்பர் 8, 16 மில்லிமீட்டர் இவையெல்லாம் உண்மையான ஃபிலிம். ஃபிலிமில் கோடும் கிடையாது, எஸ்டி எச்டி என்ற கணக்கும் கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்கேன் செய்து எடுக்கலாம். சூப்பர் 8-க்கு ஃபுல் எச்டி ஸ்கேன் நிச்சயம் பொருந்தும், 16-க்கு அதற்கு மேலும் போகலாம். 1970-இல் ஃபிலிமில் எடுத்த ஒரு கல்யாணம், 1988-இல் விஎச்எஸ்ஸில் எடுத்த கல்யாணத்தைவிடத் தெளிவாக வருவது சாதாரணமாக நடக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களை வெளியேற்றினார்கள். மாநகராட்சித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், தலைமுறையாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 1960-களில் நம்மில் நிறையப் பேர் சாட்ஸ்வர்த்துக்கு வந்தோம். அந்த வீடுகளும் தெருக்களும் இன்று இல்லை. அங்கே நடந்த ஒரு பிறந்தநாளோ மஞ்சள் நீராட்டோ யாராவது ஒருவருடைய ஃபிலிம் சுருளில் இருக்கலாம். பின்னணியில் தெரியும் சுவர், மரம், கோயில் வாசல் எல்லாம் அந்த ஃபிலிமில் நுணுக்கமாகப் பதிந்திருக்கும். சுவரில் ஃபிலிமை ஓட்டி, அதைப் போனில் பிடித்து "மாற்றிவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் எச்டிக்குக் காசு கொடுப்பதில் முழு அர்த்தம் இருப்பது இந்த இடத்தில்தான்.

சுருளைத் திறக்கும்போது காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிப் போடவே கூடாது.

கேசட்டில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?

ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. டர்பனின் கடற்காற்று ஈரத்தில் கராஜிலும் அலமாரி அடியிலும் கிடந்த கேசட்டுகளில் அடிக்கடி வரும். கேசட்டின் பக்கத்திலிருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் மேல் ஜன்னல் வழியாக டேப் சுற்றின் மேல் விளிம்பைப் பாருங்கள். பளபளவென்று ஒரே கறுப்பாக இருக்கவேண்டும். வெள்ளைப் புள்ளியோ சிலந்தி நூல் மாதிரியோ தெரிந்தால் பூஞ்சைதான். விசிஆரில் போட்டால் டேப் ஒட்டிக் கிழியலாம், ஹெட் கெட்டுப்போகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டி, உலர்ந்த இடத்தில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பழைய டிவியில் நன்றாகத்தானே இருந்தது, புது டிவியில் ஏன் இவ்வளவு மோசமாகத் தெரிகிறது?

அந்தக் குழாய் டிவி இந்தச் சிக்னலுக்காகவே செய்யப்பட்டது. அரைப் படங்களை அப்படியே காட்டும், திரையும் சின்னது, குறைகளை மென்மையாக்கிவிடும். புது டிவி 576 கோடுகளைத் தானாகவே 1080-ஆகவோ 2160-ஆகவோ இழுக்கிறது. இழுக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. டிவியின் செட்டிங்கில் ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்துப் பாருங்கள், பாதிக் கோபம் தணியும்.

எல்லாருடைய முகமும் அகலமாகத் தெரிகிறதே?

பழைய படம் 4-க்கு 3 வடிவம், இன்றைய டிவி 16-க்கு 9. டிவி ரிமோட்டில் படத்தின் வடிவத்தை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ஃபைலிலேயே இழுத்து வைத்திருந்தால் மாற்றிக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுங்கள். மேலும் கீழும் வெட்டி 16-க்கு 9 ஆக்குவதும் தவறு. பூ வைத்த கொண்டையும் மணவறையின் மேல் வளைவும் போய்விடும்.

எந்த அளவு டிவியில் எச்டியின் வித்தியாசம் தெரியும்?

எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரணப் பார்வை உள்ளவருக்கு, திரையின் உயரத்தைப்போல் 3 மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் இருந்தால் ஃபுல் எச்டியின் நுணுக்கம் முழுவதும் தெரியும். 6 மடங்கைத் தாண்டினால் நல்ல எஸ்டிக்கும் எச்டிக்கும் வேறுபாடு தேய்ந்துவிடும். 43 அங்குல டிவியின் திரை உயரம் 53 சென்டிமீட்டர் சொச்சம். ஆக 1.7 மீட்டருக்குள் எச்டி முழுதாகத் தெரியும், 3.2 மீட்டருக்கு அப்பால் பெரிய லாபமில்லை. 55 அங்குலத்துக்கு இது 2.2 மீட்டர், 4.1 மீட்டர். சோபாவிலிருந்து டிவி வரை டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 32 அங்குல டிவிகள் பலவற்றில் திரையே 1366×768 தான் என்பதையும் கவனிக்கவும்.

கல்யாணத்தை ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவிலும் சென்னையிலும் இருக்கும் உறவினருக்கு நேரலையில் காட்ட எது நல்லது?

நிற்காமல் போவதுதான் நல்லது. மண்டபத்தின் இணையத்தில் மேலே அனுப்பும் வேகம் எவ்வளவு என்று முதல் நாளே சோதியுங்கள். கிடைக்கும் வேகத்தில் பாதியைத்தான் நம்பலாம், ஏனென்றால் முகூர்த்த நேரத்தில் வந்தவர்கள் எல்லோரும் போனை எடுப்பார்கள். 3 மெகாபிட் கிடைக்கிறது என்றால் எஸ்டியில் 1.5 மெகாபிட்டில் அனுப்புங்கள். தாலி கட்டும் நேரத்தில் எச்டி படம் சுற்றிக்கொண்டே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டேட்டா கணக்கு சுலபம்: 1 மெகாபிட் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. 3 மணி நேரக் கல்யாணம் 1.5 மெகாபிட்டில் 2 ஜிபி, 5 மெகாபிட்டில் 6.75 ஜிபி. பார்க்கிறவர்களுக்கும் இதே செலவுதான். போன் டேட்டாவில் பார்க்கும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் பிடித்ததை ஒலிக்குக் கொடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் போனின் மைக்கை அடித்து நொறுக்கிவிடும், ஐயர் சொல்லும் மந்திரம் கேட்கவே கேட்காது. மணவறையில் தனி மைக் வையுங்கள்.

போனிலேயே எடுக்கிறோம். கோயில் ட்யூப் லைட்டில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் அந்தத் தாளத்துக்கு ஏற்பத்தான் மினுங்கும். பல போன்கள் நொடிக்கு 30 படம் என்று வைத்துத்தான் வருகின்றன. அதை 25 அல்லது 50-க்கு மாற்றுங்கள். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடிந்தால், நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள். இரண்டு மூன்று பேர் எடுத்துப் பிறகு சேர்ப்பதாக இருந்தால் எல்லோரும் ஒரே எண்ணில் வைப்பது முக்கியம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பெரிய வெள்ளியன்று தீமிதி. அதற்கு 4கே வேண்டுமா?

இருட்டும் நெருப்பும் சேர்ந்த இடத்தில் பிக்சல் எண்ணிக்கை உதவாது, கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாரின் அளவுதான் உதவும். சின்னச் சென்சாரில் 4கே எடுத்தால் இருட்டுப் பகுதி முழுக்க மணல் மணலாக இரைச்சல். அந்த இரைச்சலே பிட்ரேட்டையும் தின்னும். பெரிய சென்சார் உள்ள கேமராவில் ஃபுல் எச்டி எடுங்கள். தானாக வெளிச்சம் பிடிப்பதை நிறுத்திவிட்டு, நடப்பவரின் முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வாங்கிய டிவிடி இங்கே ஏன் ஓடவில்லை?

மண்டலக் குறிதான் காரணம், அதாவது டிவிடி எந்த நாடுகளில் ஓடலாம் என்று அதில் வைக்கும் எண். இந்தியா 5, தென்னாப்பிரிக்கா 2. இரண்டு நாட்டு டிவி முறையும் பிஏஎல்தான், அதனால் குறி இல்லாத பிஏஎல் டிவிடி பிரச்சினையின்றி ஓடும். ப்ளூ-ரேயில் நாம் பி, இந்தியா சி. பழைய விசிடியை (வீடியோ சிடி) பற்றியும் கேட்பார்கள்: அது 352×288, எஸ்டியில் பாதிகூட இல்லை. எஸ்டி என்றாலே மோசம் என்ற பெயர் வந்ததற்கு விசிடி ஒரு பெரிய காரணம்.

முன்பே டிவிடியில் போட்டுவிட்டோம். கேசட்டை எறியலாமா?

எறியாதீர்கள். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. நல்ல தரத்தில் 2 மணி நேரம்தான் பிடிக்கும். கல்யாணம் முழுவதும் 6 மணி நேரத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் நொடிக்கு 1.7 மெகாபிட்தான் கிடைத்திருக்கும், கேசட்டில் இருந்த நுணுக்கம் அதில் வந்திருக்காது. வீட்டில் எழுதிய தட்டுகளின் சாயமும் வெயிலிலும் வெப்பத்திலும் கெடும். கேசட் நன்றாக இருந்தால் அதிலிருந்தே மறுபடி எடுங்கள்.

1995-க்குப் பிறகு வந்த சின்ன டிஜிட்டல் கேசட்டுகள், மினி டிவி (MiniDV) என்பார்களே, அவற்றுக்கு இன்னும் எளிது. அவற்றில் படம் ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் ஒயர் வழியாக அப்படியே நகல் எடுக்கலாம், மணிக்கு 13 ஜிபி. மஞ்சள் ஒயரில் எடுத்துத் தருபவரிடம் கொடுக்கவேண்டாம்.

கடைசியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

பார்ப்பதற்குப் போதும், வைத்துக்கொள்ளப் போதாது. வாட்ஸ்அப் வீடியோவைத் தானாகச் சுருக்கும். டாகுமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரை.

வைத்துக்கொள்வதற்கு மாற்றிக் கொடுப்பவரிடம் இரண்டு ஃபைல் கேளுங்கள். ஒன்று, எந்தத் திருத்தமும் செய்யாத 720×576 இன்டர்லேஸ் மூலப் பிரதி. இழப்பில்லாமல் சுருக்கியதாக இருந்தால் மணிக்கு 25, 30 ஜிபி ஆகலாம். இன்னொன்று, நொடிக்கு 50 படமாக மாற்றிய, எந்தப் போனிலும் ஓடும் எம்பி4. இரண்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், அக்கா வீடோ மாமா வீடோ. ஃபைல் பெயரில் வருடம், ஊர், யாருடைய கல்யாணம் என்று எழுதுங்கள். முகங்களைச் சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.